33 இன்னிங்ஸ் ஆடிய ஆட்டம்: பாடக்கெட் – ராச்செஸ்டர், 1981 (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் 1981 ஏப்ரல் 18 இரவு தொடங்கிய ஒரு பேஸ்பால் ஆட்டம் ஜூன் 23 அன்றுதான் முடிந்தது. தொழில்முறை பேஸ்பாலில் இதைவிட நீண்ட ஆட்டம் அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை. பேஸ்பால் விதிகள் தெரியாதவர்களும் தொடர்ந்து படிக்கும்படி, தேவையான விதிகளை அங்கங்கே விளக்கியிருக்கிறோம்.

சுருக்கமாகச் சொல்லுங்கள், என்ன நடந்தது?

பாடக்கெட் ரெட் சாக்ஸ் அணி, ராச்செஸ்டர் ரெட் விங்ஸ் அணியை 33 இன்னிங்ஸில் 3-2 என்று வென்றது. வழக்கமான ஆட்டம் 9 இன்னிங்ஸில் முடிந்துவிடும். இங்கே ஆடிய நேரம் மொத்தம் 8 மணி 25 நிமிடம். அதில் 8 மணி 7 நிமிடம் ஒரே இரவில் போனது. மிச்சமிருந்த 18 நிமிடம் இரண்டு மாதம் கழித்து ஆடப்பட்டது.

எனக்குக் கிரிக்கெட் மட்டும்தான் தெரியும். இன்னிங்ஸ் என்றால் இங்கே என்ன?

பேஸ்பாலில் ஒரு இன்னிங்ஸ் இரண்டு பாதிகளாகப் பிரியும். முதல் பாதியில் விருந்தாளி அணி பேட் பிடிக்கும், இரண்டாம் பாதியில் சொந்த மைதானத்து அணி. அடித்தவர் மூன்று பேஸ்களையும் வரிசையாகச் சுற்றி, பேட் பிடித்த இடமான ஹோம் பிளேட்டுக்குத் திரும்பினால் (‘வீடு’ சேர்ந்தால்) ஒரு ரன். மூன்று பேர் அவுட் ஆனால் பாதி முடிந்தது. ஒன்பது பேர் வரிசை மாறாமல் இறங்குவார்கள். ஒன்பதாமவர் முடித்ததும் மறுபடி முதலாமவர் வருவார். அவுட் ஆனவரும் தன் முறை வந்தால் திரும்ப இறங்கலாம் என்பதுதான் கிரிக்கெட்டிலிருந்து வரும் பெரிய வித்தியாசம்.

ஒன்பது இன்னிங்ஸ் முடிவில் ரன் சமமாக இருந்தால் ‘டிரா’ என்று கைகுலுக்கிப் போக முடியாது. பத்தாவது, பதினொன்றாவது என்று கூடுதல் இன்னிங்ஸ் தொடரும். விருந்தாளி அணி முந்தினால், அதே இன்னிங்ஸின் இரண்டாம் பாதியில் சொந்த அணிக்குப் பதில் சொல்ல ஒரு வாய்ப்பு உண்டு. இந்த ஆட்டம் நீண்டதற்கு அடிப்படை இந்த நியாயம்தான்: எதிரணிக்கும் சமமான வாய்ப்பு கிடைக்காமல் யாரும் ஜெயித்துவிட முடியாது.

கிரிக்கெட்டில் இதற்கு நெருக்கமான நிகழ்வு 1939 மார்ச் மாதம் டர்பனில் நடந்த ‘காலவரையற்ற டெஸ்ட்’. 696 ரன் இலக்கை நோக்கி இங்கிலாந்து 654-க்கு 5 விக்கெட் என்று நின்றபோது, ஊர் திரும்பும் கப்பலைப் பிடிக்க வேண்டியிருந்ததால் ஆட்டம் டிரா ஆனது. பாடக்கெட்டில் பிடிக்க வேண்டிய கப்பல் எதுவும் இல்லை.

இவை பெரிய அணிகளா?

இல்லை. அமெரிக்க பேஸ்பாலின் உச்ச நிலையான மேஜர் லீகுக்கு ஒரு படி கீழே உள்ள அணிகள். பாடக்கெட் அணி பாஸ்டன் ரெட் சாக்ஸுக்கும், ராச்செஸ்டர் அணி பால்டிமோர் ஓரியோல்ஸுக்கும் ஆட்டக்காரர்களைத் தயார் செய்துகொடுக்கும் அணிகள். இரண்டும் இன்டர்நேஷனல் லீகில் ஆடின. நாளைக்கே மேலே போகக்கூடிய இளைஞர்களும், மேலே போய்த் திரும்பி வந்தவர்களும், ஒருநாளும் போகாதவர்களும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் இடம் அது. கீழே வரும் பெயர்களைப் படிக்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரவு முழுக்க ஆடியிருக்கிறார்கள். ஏன் யாரும் நிறுத்தவில்லை?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். பலர் நினைப்பதுபோல அது வீம்பும் அல்ல, சாதனை படைக்கும் ஆசையும் அல்ல. விதிப் புத்தகத்தில் ஒரு வரி விடுபட்டுப் போயிருந்தது.

இன்டர்நேஷனல் லீகில் நேரக் கட்டுப்பாடு உண்டு: நள்ளிரவு 12.50-க்கு மேல் புதிய இன்னிங்ஸ் எதையும் தொடங்கக் கூடாது. அந்த ஆண்டு அம்பயர்களிடம் கொடுக்கப்பட்ட பிரதியில் இந்த விதி அச்சாகவில்லை. ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் நின்ற தலைமை அம்பயர் ஜாக் லீட்ஸ் புத்தகத்தைப் புரட்டினார். நிறுத்தலாம் என்று எங்கும் இல்லை. எழுதியிருப்பதை அமல்படுத்துவதுதான் அம்பயரின் வேலை. தன் விருப்பத்துக்கு ஆட்டத்தை நிறுத்தி, மறுநாள் ஏதாவது ஒரு அணி முறையிட்டால் அவர் என்ன பதில் சொல்வது? ஆகவே ஆட்டம் ஓடியது. எங்கள் பார்வையில் லீட்ஸ் செய்தது சரி. அவர் கையில் இருந்த புத்தகத்தின்படி வேறு வழி இல்லை.

பாடக்கெட் அணியின் பொது மேலாளர் மைக் டம்பூரோ லீக் தலைவர் ஹரால்ட் கூப்பரைத் தொலைபேசியில் பிடிக்க முயன்றுகொண்டே இருந்தார். கடைசியில் அவர் கிடைத்தபோது ஏறத்தாழ விடியற்காலை 4 மணி. நடப்பதைக் கேட்டு அதிர்ந்த கூப்பர், ஓடிக்கொண்டிருக்கும் இன்னிங்ஸ் முடிந்ததும் நிறுத்தச் சொன்னார். அது 32-ஆவது இன்னிங்ஸ். மணி 4.07. அன்று ஈஸ்டர் ஞாயிறு.

ஸ்கோர் எப்படி நகர்ந்தது?

விளக்கு கோளாறால் அரை மணி தாமதமாக, இரவு 8 மணியளவில் ஆட்டம் தொடங்கியது. 7-ஆவது இன்னிங்ஸில் ராச்செஸ்டர் ஒரு ரன் எடுத்தது. 9-ஆவதின் இரண்டாம் பாதியில், தோல்வியின் விளிம்பில் நின்ற பாடக்கெட் சமன் செய்தது: ரஸ் லாரபி பந்தை உயரத் தூக்கி அடித்தார், பிடிபட்டு அவர் அவுட், ஆனால் பிடிபட்ட நொடியில் கிளம்பிய சிக்கோ வாக்கர் ஓடிவந்து ரன் சேர்த்துவிட்டார். 1-1.

அதன்பிறகு 10 முதல் 20 வரை பதினொரு இன்னிங்ஸ், இரண்டு அணிக்கும் ஒரு ரன்கூட இல்லை.

21-ஆவது இன்னிங்ஸில் ராச்செஸ்டரின் கேட்சர் (அடிப்பவருக்குப் பின்னால் பந்தைப் பிடிப்பவர்) டேவ் ஹப்பர்ட், அடித்தவர் இரண்டாம் பேஸ் வரை ஓடிவிடும் ‘இரண்டு பேஸ் அடி’ அடித்து 2-1 ஆக்கினார். வீட்டுக்குப் போகலாம் என்ற நம்பிக்கை எல்லோருக்கும் வந்தது. இரண்டாம் பாதியில் பாடக்கெட்டின் வேட் பாக்ஸ் இரண்டு பேஸ் அடித்து, டேவ் கோஸாவை ஓடவைத்து, மறுபடி சமன். சக ஆட்டக்காரர்கள் தன்னைக் கட்டிப்பிடிப்பார்களா, குத்துவார்களா என்று தெரியவில்லை என்று பாக்ஸ் பின்னாளில் சொன்னார்.

22-ஆவது இன்னிங்ஸில் பாடக்கெட் பயிற்சியாளர் ஜோ மார்கன் அம்பயரோடு வாக்குவாதம் செய்து வெளியேற்றப்பட்டார். அவர் வீட்டுக்குப் போகவில்லை. ஹோம் பிளேட்டுக்குப் பின்புறத் தடுப்பில் இருந்த ஒரு ஓட்டை வழியே மீதி ஆட்டத்தைப் பார்த்தார். அந்த ஓட்டை வழியே அவர் பார்த்தது பதினொரு இன்னிங்ஸ் சுழியம்.

ஏன் ரன்னே வரவில்லை? அடிப்பவர்கள் அவ்வளவு மோசமா?

இரண்டு அணியும் சேர்ந்து 219 முறை பேட் பிடித்து 39 அடிகள் (அடித்துவிட்டு அவுட் ஆகாமல் பேஸ் சேர்வது) எடுத்தன, சராசரி 0.178. மிகவும் மோசமான எண்தான். ஆனால் காரணங்களைப் பாருங்கள்.

முதல் காரணம் காற்று. அது வெளி மைதானத்திலிருந்து ஹோம் பிளேட்டை நோக்கி வீசியது. நன்றாக அடிபட்ட பந்துகள் வேலிக்கு முன்பே விழுந்தன. 26-ஆவது இன்னிங்ஸில் பாடக்கெட்டின் சாம் போவென் அடித்த பந்து வேலியைத் தாண்டிவிட்டு, காற்று தள்ளியதில் திரும்ப உள்ளே வந்து, நடு வெளி மைதானத்தில் நின்ற டாலஸ் வில்லியம்ஸின் கையுறையில் விழுந்தது என்று அங்கிருந்தவர்கள் சொல்வார்கள்.

இரண்டாவது குளிர். குளிர்ந்த காற்றுக்கு அடர்த்தி அதிகம். பந்து தூரம் போகாது. மரப் பேட்டின் கைப்பிடிக்கு அருகிலோ நுனியிலோ பந்து பட்டால் அதிர்வு உள்ளங்கையைக் கொட்டும். ஒருமுறை கொட்டு வாங்கியவர் அடுத்த முறை முழு வீச்சில் சுழற்றத் தயங்குவார்.

மூன்றாவதை எளிதில் கவனிக்காமல் விட்டுவிடுவோம். அடிப்பவர்கள் அதே ஆட்கள், ஆனால் பந்து வீசுபவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். இரு அணியிலும் சேர்த்து 14 பேர் வீசினார்கள். களைத்த அடிப்பவருக்கு எதிரே புத்துணர்ச்சியோடு ஒரு கை வந்து நின்றால் என்ன ஆகும்? மொத்தம் 60 ஸ்ட்ரைக் அவுட் (மூன்று முறை தவறவிட்டு அவுட் ஆவது).

குளிரை எப்படிச் சமாளித்தார்கள்?

வீரர்கள் உட்காரும் டக்அவுட்டில் உலோகப் பீப்பாய் வைத்து நெருப்பு மூட்டினார்கள். முதலில் எரிந்தவை உடைந்த பேட்டுகள். அவை தீர்ந்ததும் மரப் பெஞ்சுகளிலிருந்து உடைத்த கட்டைகள். பேட் செய்யப்படும் ஆஷ் மரம் கெட்டியானது, நின்று எரியும்.

ஆட்டக்காரர்களில் யாருக்கு அதிகச் சுமை?

டேவ் ஹப்பர்ட். சந்தேகமே வேண்டாம். ராச்செஸ்டருக்காக 31 இன்னிங்ஸ் கேட்சராக இருந்தார். கேட்சரின் வேலை என்ன என்று கொஞ்சம் யோசித்தால்தான் இதன் கனம் புரியும். ஒவ்வொரு பந்துக்கும் குந்தி உட்கார வேண்டும், பிடித்ததும் எழுந்து திருப்பி எறிய வேண்டும், தரையில் பட்டு வருவதை உடம்பால் தடுக்க வேண்டும். நெஞ்சுக் கவசம், முகமூடி, முழங்கால் கவசம் எல்லாம் மாட்டிக்கொண்டு. ஆட்டம் முழுக்க வீசப்பட்டவை 882 பந்துகள். இரண்டு அணிக்கும் பாதிப் பாதி என்று வைத்தால்கூட அவர் பக்கம் நானூறுக்கு மேல் வரும். ஒவ்வொரு பாதிக்கும் முன்னால் வீசிப் பழகும் பந்துகள் இந்தக் கணக்கில் சேரவில்லை. பேட் பிடித்து 11 முறையில் ஒரே ஒரு அடி எடுத்தார். அந்த ஒன்றுதான் 21-ஆவது இன்னிங்ஸில் அணியை முன்னே கொண்டுபோனது.

அடுத்தவர் அதே அணியின் ஜிம் அம்பார்கர். பத்து இன்னிங்ஸ் வீசி ஒரு ரன்கூட விடவில்லை. 4 அடிகள் மட்டுமே கொடுத்து 9 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார். சாதாரண ஆட்டத்தில் தொடக்கப் பந்து வீச்சாளர் ஒருவர் முழு ஆட்டமும் வீசுவதைவிட இது அதிகம். அவரோ நடுவில் வந்தவர். இந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசும்போது அவர் பெயர் இன்னும் உரக்கச் சொல்லப்பட வேண்டும்.

டாலஸ் வில்லியம்ஸ் 13 முறை பேட் பிடித்து ஒரு அடியும் எடுக்கவில்லை.

ஸ்கோர் பட்டியலில் லாரபி 11-க்கு 0 (11 முறை பேட் பிடித்து ஒரு அடியும் இல்லை) என்று இருக்கிறதே, அவர் ரன் சேர்த்தார் என்கிறீர்கள்?

இரண்டும் சரி. 9-ஆவது இன்னிங்ஸில் அவர் அடித்தது, தான் அவுட் ஆகி ஓடுபவரை வீடு சேர்க்கும் அடி. பேஸ்பால் கணக்கில் அப்படிப்பட்ட முயற்சி ‘பேட் பிடித்த முறை’யில் சேராது, சராசரியைக் குறைக்காது. ரன் சேர்த்த பெருமை மட்டும் அவர் பெயரில் ஏறும். மற்ற 11 முறையில் 7 ஸ்ட்ரைக் அவுட். ஆனாலும் அவர் இல்லாவிட்டால் ஆட்டம் 9 இன்னிங்ஸிலேயே தோல்வியில் முடிந்திருக்கும்.

எத்தனை பந்துகள் செலவாயின?

156. டஜன் கணக்கில் 13 பெட்டி.

பார்வையாளர்கள்?

தொடக்கத்தில் 1,740 பேர். விடியற்காலை 4.07-க்கு எஞ்சியவர்கள் 19 பேர். அவர்கள் எல்லோருக்கும் அணி நிர்வாகம் இலவச அனுமதிச் சீட்டு கொடுத்தது.

மனைவி கதவைத் திறக்காத ஆட்டக்காரர் கதை உண்மையா?

உண்மை. அவர் பெயர் லூயிஸ் அபோன்டே, வெனிசுவேலாவைச் சேர்ந்த பந்து வீச்சாளர். பாடக்கெட்டுக்காக 7 முதல் 10 வரை நான்கு இன்னிங்ஸ் வீசி முடித்துவிட்டார். மாற்றப்பட்டவர் மறுபடி இறங்க முடியாது என்பதால், ஆட்டம் முடியும் முன்பே வீட்டுக்கு அனுப்பப்பட்டார். அந்நேரத்தில் கதவைத் தட்டியவரிடம் மனைவி எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்க, மைதானத்தில்தான் என்றார். அவர் நம்பவில்லை. காலையில் பேப்பரைப் பாரு என்றார் அபோன்டே. காலைப் பேப்பரில் ஆட்டத்தைப் பற்றி எதுவும் இல்லை. ஞாயிறு பதிப்பு அச்சுக்குப் போனபோது எழுதுவதற்கு முடிவு என்று ஒன்று இருக்கவில்லை.

மறுநாளே முடித்திருக்கலாமே? ஏன் ஜூன் வரை?

இரவெல்லாம் ஆடிய அதே இரு அணிகளுக்கும் ஞாயிறு அன்றே இன்னொரு ஆட்டம் அட்டவணையில் இருந்தது. களைத்த உடம்போடு அதையும் ஆடி, இதையும் தொடர்வது நடக்காத காரியம். நிறுத்திவைத்த ஆட்டத்தை, அதே மைதானத்துக்கு அதே விருந்தாளி அணி அடுத்து வரும்போது தொடர்வது வழக்கம். ராச்செஸ்டர் அடுத்து பாடக்கெட் வந்தது ஜூன் 23 அன்று.

இடையில் யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. ஜூன் 12 அன்று மேஜர் லீக் ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். நாடு முழுக்கப் பெரிய மைதானங்கள் பூட்டிக் கிடந்தன. விளையாட்டுச் செய்தியாளர்களுக்கு எழுத ஆட்டம் இல்லை. எல்லோரும் பாடக்கெட்டுக்கு வந்தார்கள். ஏப்ரலில் 19 பேர் பார்த்து முடித்த ஆட்டத்தை ஜூனில் 5,746 பேர் பார்த்தார்கள். மைதானம் நிரம்பி வழிந்தது.

33-ஆவது இன்னிங்ஸில் நடந்ததைப் பந்து பந்தாகச் சொல்ல முடியுமா?

பந்து பந்தாக வேண்டாம், ஆள் ஆளாகச் சொல்லலாம், அதுவே போதும்.

முதல் பாதியில் பாடக்கெட்டுக்காக பாப் ஒஹீடா வீசினார். ராச்செஸ்டருக்கு ரன் இல்லை. இரண்டாம் பாதியில் ராச்செஸ்டருக்காக ஸ்டீவ் கிரில்லி வந்தார். முதலில் இறங்கிய மார்ட்டி பேரட்டின் மேல் பந்து பட்டது. பட்டவர் முதல் பேஸுக்குப் போகலாம். சிக்கோ வாக்கர் ஒரு பேஸ் அடி அடித்தார், பேரட் மூன்றாம் பேஸ் வரை ஓடிவிட்டார். அடுத்தவர் லாரபி, அவரை வேண்டுமென்றே நடக்கவிட்டார்கள்.

இந்த இடத்தில் புதியவர்கள் குழம்புவார்கள்: ஏன் எதிரணி ஆளைச் சும்மா பேஸுக்கு அனுப்ப வேண்டும்? மூன்றாம் பேஸில் இருப்பவர் வீடு சேர்ந்தால் ஆட்டம் முடிந்தது. மற்ற இருவர் எங்கே நின்றாலும் கவலை இல்லை. மூன்று பேஸும் நிறைந்துவிட்டால், ஓடிவருபவரைத் தொட்டு அவுட் செய்ய வேண்டியதில்லை. பந்தோடு ஹோம் பிளேட்டை மிதித்தாலே போதும். அந்த வசதிக்காகத்தான். கணக்கு சரியானது, ஆனால் ஒரு சின்ன அடிக்குக்கூட அதில் இடம் இல்லை.

ராச்செஸ்டர் வீச்சாளரை மாற்றி கிளிஃப் ஸ்பெக்கைக் கொண்டுவந்தது. எதிரே டேவ் கோஸா. இடது பக்கம் ஒரு அடி. பேரட் வீடு வந்தார். யாரும் அவுட் இல்லை, நான்கே பேர் பேட் பிடித்தார்கள், 18 நிமிடத்தில் எல்லாம் முடிந்தது.

ஒரே இன்னிங்ஸ் வீசிய ஒஹீடா எப்படி வெற்றி பெற்ற வீச்சாளர் ஆகிறார்?

அணி கடைசியாக முன்னிலை பெற்றபோது கணக்கில் இருந்த வீச்சாளருக்கே வெற்றி போகும். எத்தனை இன்னிங்ஸ் வீசினார் என்று பார்ப்பதில்லை. தோல்வி கிரில்லியின் பெயரில் பதிவானது, ஏனென்றால் வெற்றி ரன்னாக ஓடிய பேரட்டை பேஸுக்கு அனுப்பியவர் அவர். அடி வாங்கியவர் ஸ்பெக் என்பது முக்கியமில்லை.

இதில் ஆடியவர்களில் பின்னாளில் புகழ்பெற்றவர்கள் யார்?

இரண்டு பேர் பேஸ்பாலின் மிகச் சிறந்தவர்களுக்கான கௌரவப் பட்டியலான ‘ஹால் ஆஃப் ஃபேம்’ வரை போனார்கள். இரண்டு பேருமே மூன்றாம் பேஸ் காத்தவர்கள். பாடக்கெட்டின் வேட் பாக்ஸ், 12-க்கு 4; 2005-இல் சேர்க்கப்பட்டார். ராச்செஸ்டரின் கால் ரிப்கென் ஜூனியர், 13-க்கு 2; 2007-இல் சேர்க்கப்பட்டார். ரிப்கென் பின்னாளில் ஒரு ஆட்டம்கூட விடாமல் தொடர்ந்து 2,632 ஆட்டங்கள் ஆடிய மனிதர். பயிற்சியாளர் ஜோ மார்கன் 1988-இல் பாஸ்டன் அணிக்கே பயிற்சியாளர் ஆனார்.

1986 உலகத் தொடரில் (மேஜர் லீகின் இறுதிப் போட்டித் தொடர்) பாஸ்டனும் நியூயார்க் மெட்ஸும் மோதின. பாஸ்டன் பக்கம் பாக்ஸ், பேரட், கேட்சர் ரிச் கெட்மன், வீச்சாளர் புரூஸ் ஹர்ஸ்ட். நியூயார்க் பக்கம் ஒஹீடா. ஐந்து பேரும் அந்த 33 இன்னிங்ஸ் ஆட்டத்தில் பாடக்கெட்டுக்காக ஆடியவர்கள்.

டேவ் கோஸா? மேஜர் லீகில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. அந்த ஆட்டத்தில் 14-க்கு 5, இரு அணியிலும் மற்ற எவரையும்விட அதிக அடிகள்.

மேஜர் லீகில் மிக நீண்ட ஆட்டம் எது?

எதை அளக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இன்னிங்ஸ் கணக்கில் 1920 மே 1 அன்று பாஸ்டன் பிரேவ்ஸும் புரூக்ளின் ராபின்ஸும் ஆடிய 26 இன்னிங்ஸ். 1-1 என்று சமநிலையில் இருட்டிவிட்டதால் நின்றுபோனது. வெளிச்ச விளக்குகள் வராத காலம். ஜோ ஓஷ்கரும் லியான் கடோரும் ஆளுக்கு 26 இன்னிங்ஸையும் தாங்களே வீசினார்கள். இவ்வளவும் 3 மணி 50 நிமிடத்தில்.

நேரக் கணக்கில் 1984 மே 8, 9 தேதிகளில் சிகாகோ ஒயிட் சாக்ஸும் மில்வாக்கி புரூவர்ஸும் ஆடிய 25 இன்னிங்ஸ், 8 மணி 6 நிமிடம். ஹரால்ட் பெய்ன்ஸின் ஹோம் ரன்னில் (பந்தை வேலி தாண்டி அடித்து எடுக்கும் ரன்) சிகாகோ 7-6 என்று வென்றது. பாடக்கெட் ஆட்டம் இரண்டையும் தாண்டியது. அதற்கு முந்தைய தொழில்முறைச் சாதனை 29 இன்னிங்ஸ், 1966-இல் ஃபுளோரிடாவில் மயாமிக்கும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்குக்கும் நடந்தது.

இனி இப்படி ஒரு ஆட்டம் நடக்குமா?

மைனர் லீகில் (மேஜர் லீகுக்குக் கீழே உள்ள லீகுகளில்) நடக்காது என்றே சொல்லலாம். 2018 முதல் அங்கே ஒவ்வொரு கூடுதல் பாதியும் இரண்டாம் பேஸில் ஒரு ஓட்டக்காரரோடு தொடங்குகிறது. அந்தப் பாதியில் முதலில் பேட் பிடிப்பவருக்கு வரிசையில் முந்தையவர் அங்கே போய் நிற்பார். அவர் ரன் எடுத்தாலும் அது வீச்சாளரின் சராசரியைப் பாதிக்காது. மேஜர் லீகிலும் 2020-இல் வந்து, 2023 முதல் நிரந்தரம் ஆனது. அறுபத்தொரு சுழியங்கள் சேர்வதற்கு இந்த விதி வழி விடாது.

மேஜர் லீகின் இறுதிச் சுற்றுகளில் மட்டும் பழைய முறை தொடர்கிறது. 2018 உலகத் தொடரின் மூன்றாம் ஆட்டம் 18 இன்னிங்ஸ், 7 மணி 20 நிமிடம் போனது அதனால்தான்.

வீச்சாளர்களின் தோளைக் காப்பாற்றும் நல்ல விதி இது, மறுக்க முடியாது. ஆனால் வெறும் பேஸ்களோடு தொடங்கி உழைத்து எடுத்த ரன்னுக்கும், பாதி வழியில் ஆளை நிறுத்திவைத்து எடுத்த ரன்னுக்கும் எடை ஒன்றல்ல.

அந்த மைதானம் இப்போதும் இருக்கிறதா?

மெக்காய் ஸ்டேடியம் 1942-இல் திறக்கப்பட்டது. அதன் டக்அவுட்டுகள் பார்வையாளர் வரிசைக்கு நேர் கீழே, தரை மட்டத்தில் இருந்தன. சிறுவர்கள் பால் கேனின் பக்கத்தை வெட்டி, உள்ளே பந்தும் பேனாவும் போட்டு, கயிற்றில் கட்டி மேலிருந்து இறக்குவார்கள். கீழே இருக்கும் ஆட்டக்காரர் கையெழுத்திட்டுக் கயிற்றை ஆட்டுவார். பாடக்கெட் அணி 2021-இல் மாசசூசெட்ஸின் வுஸ்டர் நகருக்கு இடம்பெயர்ந்துவிட்டது. மைதானமும் பிறகு இடிக்கப்பட்டது.

இந்த ஆட்டத்தை ஸ்கோர் தாளில் எழுதிப் பார்க்க ஆசை. எப்படித் தொடங்குவது?

நல்ல பயிற்சி. ஒன்பது வரிசை, பன்னிரண்டு கட்டம் உள்ள தாள் என்றால் அணிக்கு மூன்று தாள் வேண்டும். ஒவ்வொரு வரிசையும் ஒரு பேட்டர், ஒவ்வொரு கட்டமும் ஒரு இன்னிங்ஸ்.

முதலில் இன்னிங்ஸ் வாரியான ஸ்கோரைத் தாளின் மேலே எழுதிவையுங்கள்:

ராச்செஸ்டர்: 000 000 100 000 000 000 001 000 000 000 000 – 2
பாடக்கெட்: 000 000 001 000 000 000 001 000 000 000 001 – 3

மும்மூன்றாகப் பிரிப்பது எண்ணுவதற்கு வசதி. 66 பாதிகளில் ரன் வந்தது ஐந்தில் மட்டும்.

களத்தில் நிற்பவர்களுக்கு எண் உண்டு: வீச்சாளர் 1, கேட்சர் 2, முதல் பேஸ் 3, இரண்டாம் பேஸ் 4, மூன்றாம் பேஸ் 5, ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே நிற்பவர்) 6, இடது வெளி 7, நடு வெளி 8, வலது வெளி 9. ஷார்ட்ஸ்டாப் எடுத்து முதல் பேஸுக்கு எறிந்து அவுட் செய்தால் 6-3. நடு வெளியில் பிடிபட்டால் 8.

எல்லோரும் தடுக்கி விழும் இடம் இரண்டு. ஒன்று, புதிய தாளுக்குப் போகும்போது முதல் பேட்டரிலிருந்து தொடங்கிவிடுவது. தாள்தான் புதிது, வரிசை பழையது. 12-ஆவது இன்னிங்ஸ் யாரோடு முடிந்ததோ அவருக்கு அடுத்தவர்தான் 13-ஆவதின் முதல் ஆள். இன்னிங்ஸின் கடைசி ஆளின் கட்டத்து மூலையில் ஒரு சாய்கோடு போட்டுவைத்தால் இந்தத் தப்பு வராது. இரண்டு, மாற்று ஆட்டக்காரர்கள். இந்த ஆட்டத்தில் மொத்தம் 41 பேர் இறங்கினார்கள். பெயர் எழுதும் இடத்தை ஆரம்பத்திலேயே மூன்றாகப் பிரித்து வையுங்கள். ஆள் மாறிய இன்னிங்ஸின் இடப் பக்கம் ஒரு குத்துக்கோடு.

எழுதி முடித்ததும் சரிபார்க்க ஒரு வழி உண்டு. ஒரு அணியில் பேட் பிடிக்க வந்தவர்களின் மொத்த எண்ணிக்கை, அந்த அணியின் ரன், பேஸில் தங்கிப்போனவர்கள், அவுட் ஆனவர்கள் ஆகிய மூன்றின் கூட்டுத்தொகைக்குச் சமமாக வர வேண்டும். வந்த எவரும் இந்த மூன்றில் ஒன்றாகத்தான் ஆகியிருக்க முடியும். ஒன்று குறைந்தாலும் எங்கேயோ ஒரு கட்டம் விட்டுப்போயிருக்கிறது. இன்னிங்ஸ் இன்னிங்ஸாகத் தேடுங்கள். ராச்செஸ்டர் அவுட்கள் 99. பாடக்கெட்டுக்கு 96 மட்டும், ஏனென்றால் 33-ஆவதில் யாரும் அவுட் ஆகவில்லை.

பாடக்கெட்டின் கடைசிக் கட்டத்தில் நான்கு பெயருக்கு மட்டும் எழுத இருக்கும்: பேரட், வாக்கர், லாரபி, கோஸா. அடுத்து இறங்கத் தயாராக நின்றவர் வேட் பாக்ஸ். அவருடைய 33-ஆவது கட்டத்தை வெற்றாகவே விடுங்கள்.